கதவு உடைந்ததற்குக் குடி காரணமில்லை

அன்பும் முன்கோபமும் ஒருசேர நிறைந்த அண்ணன் அவர்களுக்கு, உங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து துரத்தப்பட்ட தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். உங்கள் நலம், அண்ணியின் நலம், உடையாமல் மிச்சமிருக்கும் கண்ணாடிகளின் நலம் அறிய ஆவல்.

அன்றைக்கு ஆளுயரக் கண்ணாடிக் கதவை நீங்கள் முன்னால் பிடிக்க, நான் பின்னால் பிடிக்க, வாடிக்கையாளர் வீட்டுப் படியில் ஏறினோமே, "பாத்து வாடா தடிமாடு" என்று நீங்கள் கத்தியதும் என் கால்கள் ஆளுக்கொரு பக்கம் போனதும், நாக்கு குழறியதும், கதவு தூள்தூளானதும் உண்மை. நான் குடித்திருந்தேன் என்பது மட்டும் பொய். நீங்கள் சுவரைப் பிடித்தபடி நின்று, "காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்திருக்கான்"னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டீங்க. நான் வீடு திரும்பியதும் வீட்டுக்காரி என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் வெங்காய வாடைதான் வருது, கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்று இழுத்துப் போனாள்.

அங்கே நரம்பு டாக்டரம்மா என்னைக் கோட்டின்மேல் நடக்கவிட்டார், மூக்கைத் தொடச் சொன்னார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். முடிவு வந்ததும் அவர் சொன்ன சங்கதியைக் கேட்டால் அசந்துபோவீர்கள். நரம்பும் நரம்பும் ஒட்டியிருக்காதாம், நடுவில் துளி இடைவெளியாம். இந்த நரம்பு அந்த நரம்புக்குச் சேதி சொல்ல, முனையில் ஒரு குட்டிக் கதவு திறந்து சுண்ணாம்புச் சத்து உள்ளே வர வேண்டுமாம். "அப்ப நெறையப் பால் குடிச்சா சரியாயிடுமா?"ன்னு கேட்டேன். "சத்து வாசல்லதான் காத்துக்கிட்டு இருக்கு. கோளாறு கதவுப் பக்கம். நீங்க கண்ணாடிக் கடைதானே, கதவு தானா போய் நிலையில நிக்குமா?" என்றார். "ரெண்டு ஆள் வேணும்மா. ஒருத்தர் திட்டணும், ஒருத்தர் தூக்கணும்" என்றேன். சிரித்துவிட்டார். அந்தக் குட்டிக் கதவையும் நரம்பு முனைக்குக் கொண்டுபோய் நிறுத்தவும், நேரம் பார்த்துத் திறக்கவைக்கவும் கூடவே துணை உறுப்புகள் உண்டாம். எனக்கு அதில் ஒன்று பிறவியிலேயே கோணலாம். சாதாரண நாளில் ஒப்பேற்றிவிடுமாம், மனசு பதறினால் கைவிட்டுவிடுமாம், உடனே காலும் நாக்கும் தடுமாறுமாம். சிலருக்கு இதே துணைகள் பழுதாகி வலிப்பே வருமாம். அண்ணே, நம்ம தலைக்குள்ளயும் ஒரு கடை நடக்குது பாருங்க. அங்கேயும் பேர் கதவுக்கு, பாடு தூக்குறவனுக்கு.

மாத்திரை தந்திருக்கிறார். நேற்று வீட்டுக்காரி உங்களைப் போலவே கத்தித் திட்டிப் பார்த்தாள். ஆடாமல் நின்றேன். நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை, அது வேறு கணக்கு. ஆகவே குடிகாரன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பின்பக்கம் பிடிக்கும் என் வேலையை மறுபடி எனக்கே தர வேண்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் கோபம் தேய்ந்து கடை வளரட்டும்.

இப்படிக்கு,
வெங்காயம் மட்டுமே தின்ற தம்பி

பின்குறிப்பு: மேலே வேலை கேட்டது செல்லாது. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினாள், மாத்திரை சாப்பிட்டாலும் நான் கண்ணாடி தூக்கக் கூடாதாம். இந்தக் கோணல் ரத்தவழியில் வருமாம், கூடப்பிறந்தவர் யாராவது தடுமாறுவாரா என்றும் டாக்டரம்மா கேட்டிருக்கிறார். உங்கள் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போட்டுவிட்டு நீங்கள் மேடையில் பக்கவாட்டில் நடந்தீர்களே, புதுச் செருப்பு கடிக்கிறது என்று சொன்னோமே, அன்றைக்கு நீங்கள் வெறுங்காலோடு இருந்தீர்கள். அந்தப் படியிலும் சுவரை எதற்குப் பிடித்தீர்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் உங்களுக்கும் நேரம் வாங்கிவிட்டேன், நான் கூட வருகிறேன். அதுவரை கண்ணாடியை அண்ணியும் என் வீட்டுக்காரியும் தூக்கட்டும். இதைப் படித்துக் கோபம் வந்தால் முதலில் உட்காருங்கள், அப்புறம் திட்டுங்கள்.