இல்லாத அரண்மனையில் ஓர் இடம்

மனைவியின் ஆசையை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவது என்று தகவல் ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார். முடிவின் கனம் தாங்காமல் பற்பசை சட்டையில் வழிந்தது.

தகவல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரயில் நிலையத்தில் தகவல் கவுன்டரில் உட்காருகிறவர் என்பதால் தெரு வைத்த பெயர். கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு வாய்த்த வசனங்கள் ரொம்பக் குறைவு. "நாலாவது பிளாட்பாரம்." "லேட்டு." "தெரியாது." "அடுத்த கவுன்டர்." நாள் முழுக்க இதையே சொல்லிவிட்டு, பேசாமல் மிச்சம்பிடித்த பேச்சையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் அவிழ்ப்பார். மனைவி கேட்டுக்கொண்டே திரைச்சீலை தைப்பாள்.

திரைச்சீலை தைப்பதுதான் அவள் தொழில். தையல் மெஷின் இருக்கும் இடம், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடைவழி. குளிக்கப் போகிறவர் அதில் முட்டியை இடித்துக்கொள்வார். குளித்துவிட்டு வருகிறவர் இன்னொரு முட்டியை. பெரிய ஜன்னலுக்குத் துணி வெட்டினால் அதன் தலை அடுப்படியில் கிடக்கும், வால் குளியலறையில் நனையும். டாக்டரம்மா வீட்டு வரவேற்பறையில் காற்றடிக்கும்போதெல்லாம் வெங்காயம் வதங்குகிற வாசனை வருகிறது என்று புகாரே வந்துவிட்டது.

அதே வீட்டில் ஒரு முன்னறை உண்டு. தெருவைப் பார்த்த அகல ஜன்னல், கொட்டுகிற வெளிச்சம், ஓடிப் பிடித்து விளையாடலாம் போல நீளம். அதற்குள் ஒரு சுழல் நாற்காலி. நாற்காலிக்குள் தகவல். வேறு ஒரு துரும்பு கிடையாது. அவர் அதை "ஆபீஸ் ரூம்" என்பார். அங்கே நடக்கும் ஒரே அலுவலின் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். மூக்கின் வழியாக.

"ஏங்க, அந்த முன்னறையில ஒரு வெட்டு மேசை போட்டுக்கட்டுமா?" என்று அவள் ஆரம்பித்து மாதங்கள் ஆகிவிட்டன. டீ கொடுக்கும்போது கேட்பாள். டீ டம்ளரை எடுக்கும்போது கேட்பாள். அவர் தூக்கத்தில் புரண்டால் அந்த இடைவெளியிலும் கேட்பாள்.

அதற்குத்தான் பூங்கா.

"கிளம்பு. அரண்மனைப் பூங்காவுக்குப் போறோம்."

"எதுக்குங்க?"

"உனக்கு ஒரு பாடம் இருக்கு."

"போலாங்க. சாயங்காலம் பூங்கா மூடுற மணியடிக்கிற வரைக்கும் இருக்கலாமா?"

எதற்கும் ஒரு கேள்வி கேட்டு, கேள்விக்கு ஒரு கிளைக்கேள்வி கேட்கிறவள், இப்படி ஒரே பேச்சில் எழுந்து புடவை மாற்றியது அதிசயம்தான். தம்முடைய குரலில் இன்று ஒரு கம்பீரம் சேர்ந்துவிட்டது என்று தகவல் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அரண்மனைப் பூங்காவில் அரண்மனை இல்லை. எப்போதோ இடிந்து, கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக ஏற்றிப்போய்ச் சொந்தச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மிஞ்சிய தரையில் புல் போட்டு, சுவர் நின்ற இடத்திலெல்லாம் முழங்கால் உயரச் செடிவேலி வளர்த்திருந்தார்கள். கதவு இருந்த இடத்தில் வேலியில் ஓர் இடைவெளி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பலகை. "சபா மண்டபம்." "ராணியார் குளியல் அறை." ராணியார் குளியல் அறையில் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

தகவல் சபா மண்டபத்தின் நடுவே போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாரு. எங்கே அந்தச் சிம்மாசனம்? எங்கே அந்தத் தூண்கள்? எங்கே அந்த ராஜா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க."

"அட, கேள்வி இல்லடி, தத்துவம்! இத்தனை அறை கட்டினானே, ஒண்ணாவது மிஞ்சிச்சா? ஊரே போட்டிபோட்ட அறையெல்லாம் இன்னைக்குப் புல்லு. நாளைக்கு நம்ம முன்னறையும் புல்லு. அதுக்குப் போய் மேசை, கீசைன்னு..."

"அப்ப உங்க நாற்காலியும் புல்லுதானே?"

"அது சுத்தும். சுத்துற பொருள் வேற கணக்கு."

அப்போது அவள் கைபேசி அடித்தது. அவள் வேலியோரமாக இரண்டு எட்டு நகர்ந்தாள். "ஆமாண்ணே... வந்துட்டோம்ணே... நீளம் சரியா இருக்கும், கதவு வழியாவே போயிடும்... காலைக் கழட்டிக் கொண்டாந்துடுங்க. உள்ள வச்சு மாட்டிக்கலாம்."

"யாரு?"

"தச்சுவேலை அண்ணன்."

"அவர் ஏன் காலைக் கழட்டறார்?"

"மேசைக்காலுங்க. யாரோ ஒருத்தர் மேசை செய்யச் சொல்லியிருக்காங்க."

யாரோ ஒருத்தரின் மேசையில் தகவலுக்கு அக்கறை இல்லை. தத்துவம் பாதியில் நிற்கிறது. விட்ட இடத்தில் பிடித்தார். அவள் கேட்டுக்கொண்டே வேலியோரமாக நடந்தாள். ஒரு பலகையின் முன்னால் நின்றாள். "காத்திருப்பு நடை" என்று எழுதியிருந்தது. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஓர் ஒல்லி வழி. ஜனங்கள் ஒருக்களித்து ஒருக்களித்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அகலம் பார்த்தீங்களா? அப்படியே நம்ம நடைவழி."

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுல ஒருத்தர் சாயங்காலம் வரைக்கும் உட்கார முடியுமா, சொல்லுங்க."

"ஏன் முடியாது? ஜோரா உட்காரலாம். ராஜாவைப் பார்க்க வந்த பெரிய பெரிய மனுஷங்க உட்கார்ந்த இடம்."

"உங்களால முடியாதுங்க. உங்களுக்குச் சுத்தணும்."

அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் அவரிடம் யாரும் 'முடியாது' என்று சொல்லிவிட்டுத் தப்பியதில்லை. மார்பு முன்னால் வந்தது. வயிறு அதற்கும் முன்னால் வந்தது.

"பந்தயம்! மணியடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே உட்காருறேன். எழுந்திரிச்சா தோத்தேன். முன்னறையில பாதி உனக்கு."

"ஜெயிச்சா?"

"அந்த முன்னறைப் பேச்சையே இனி நம்ம வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது."

"யாருமேவா?"

"யாருமே."

"நீங்க கூடவா?"

"நான் எதுக்கு எடுக்கப்போறேன்? அது முடிஞ்சுபோன விஷயம்."

"சரிங்க," என்றாள் அவள். தோள்பையிலிருந்து ஒரு மடக்கு முக்காலியை எடுத்து நடைவழியின் நடுவே விரித்தாள்.

"இதை எதுக்கு வீட்டிலிருந்து தூக்கிட்டு வந்தே?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான். உட்காருங்க. நான் அந்தப் பக்கம் காலாற நடந்துட்டு வரேன். நீங்க கஷ்டப்படறதை என்னால பார்க்க முடியாது."

தகவல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதலில் வந்தது ஓட்டப்பயிற்சி இளைஞன்.

"சார்... ஓடறேன் சார்... காலு... காலை மடக்குங்க சார்..."

மடக்கினார். அடுத்து, சக்கர வண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா. "நடுவழியில யாராவது உட்காருவாங்களா? வயசான மனுஷனுக்கு இது கூடவா தெரியாது?" சக்கரம் அவர் செருப்பின் மேல் ஏறி இறங்கியது. அந்தக் கணத்தில் வீட்டு நடைவழியில் தாம் முட்டி இடிக்கும்போதெல்லாம் "இந்த மெஷினை எவன் இங்க வச்சான்?" என்று கத்துவது தகவலின் ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதை அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு நாய். அது எதுவும் பேசவில்லை. முக்காலியின் காலை மோந்து பார்த்துவிட்டு யோசித்தது. "டேய், டேய், வேணாம்டா!" என்று தகவல் கெஞ்சியதில் மனம் மாறி வேலிப் பக்கம் போயிற்று.

அதன் பின்னால் புதுமண ஜோடியுடன் ஒரு புகைப்படக்காரர். "மேடம், லைட்டா சிரிங்க. சார், லைட்டா முறைங்க. சூப்பர். பெரியவரே, நீங்க லைட்டா குனிங்க, உங்க தலை அவங்க காதலுக்கு நடுவுல வருது." தகவல் குனிந்தார். குனிந்தபடியே அந்த ஜோடியின் காதல் எல்லாக் கோணத்திலும் எடுத்து முடியக் காத்திருந்தார்.

குனிந்த முதுகை நிமிர்த்துவதற்குள் வழிகாட்டி வந்துவிட்டார். பின்னால் தொப்பி போட்ட ஒரு பட்டாளம். அவர் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிக்கிறவர்.

"அன்பர்களே, இங்கேதான், இதே நடையில்தான், அரசரைக் காண வந்தவர்கள் காத்திருந்தார்கள். நாள் கணக்கில் காத்திருந்தார்கள். உள்ளே அழைப்பு வந்தவர் சிலர். வராமலே போனவர் பலர்."

கூட்டம் மொத்தமும் திரும்பித் தகவலைப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை இழுத்தாள்.

"அம்மா, இவரை இன்னும் கூப்பிடலையா?"

"உஷ். பாவம், அவர் காதுல விழப்போகுது."

தகவலுக்குக் கேட்டது. காது சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. சுழல் நாற்காலியை நினைத்துக்கொண்டார். அதில் தாம் தெருப்பக்கம் ஒரு சுற்று, சுவர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றுவதை நினைத்துக்கொண்டார். ராஜாக்கள் இதைவிடப் பெரிய முற்றுகையையெல்லாம் தாங்கியிருக்கிறார்கள்.

வெயில் சாய்ந்தபோது காவலாளி வந்தார். தடியால் தரையைத் தட்டினார்.

"யோவ், என்ன இங்க?"

"பந்தயம்."

"யாரோட?"

"வீட்டுக்காரியோட."

காவலாளியின் முகம் சட்டென்று மாறியது. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஜெயிச்சிட்டிருக்கீங்களா?"

"ஜெயிச்சிட்டிருக்கேன்."

"வீட்டுக்காரம்மா எங்க?"

"அந்தப் பக்கம் நடக்கிறா."

"பச்சைப் புடவையா? தோள்பையா? அவங்க அப்பவே கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்களே. ஆட்டோவுக்குக் கூட நான்தான் கை காட்டினேன்."

"தோல்வியைப் பார்க்கச் சகிக்கலை அவளுக்கு," என்றார் தகவல். காவலாளி அவரை ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, கல்யாணமானவர் போல, ஒன்றும் சொல்லாமல் மணியடிக்கப் போனார்.

மணி அடித்தது. தகவல் எழுந்தார். முதுகு மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. முக்காலியைக் கேடயம் போல மார்பில் அணைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். சீட்டு காலியாக இருந்தும் உட்காரவில்லை. வென்றவன் நின்றுதான் வருவான். இன்னொரு காரணமும் உண்டு, அது முதுகுக்குக் கீழே இருந்தது.

வீட்டு வாசலில் வெளிச்சம் தெருவரைக்கும் கொட்டிக் கிடந்தது. முன்னறை ஜன்னலில் புத்தம்புதுத் திரைச்சீலை. அதற்கு அப்பால் கதவகல மேசை ஒன்று நீளமாகப் படுத்திருந்தது. அதன் மேல் டாக்டரம்மா வீட்டுத் துணி தலையிலிருந்து வால்வரை ஒரு மடிப்பில்லாமல் விரிந்து கிடந்தது. மூலையில் தையல் மெஷின் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. தச்சுவேலைக்காரர் உளியையும் சுத்தியலையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க!" என்றாள் மனைவி, வாய் நிறைய. "மணியடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தீங்களா?"

"உட்கார்ந்தேன்."

"ஜெயிச்சுட்டீங்களா?"

"ஜெயிச்சுட்டேன்," என்றார் தகவல், மேசையைப் பார்த்துக்கொண்டே. "என்... என் நாற்காலி?"

அவள் கையைக் காட்டினாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, இரண்டு சுவர்களும் இறுக்கிப் பிடிக்க, சுழல் நாற்காலி நின்றது. தகவல் அதன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இடித்து நின்றது. இந்தப் பக்கம் சுற்றினார். இந்தப் பக்கமும் சுவர் இருந்தது.

"ஜோரா உட்காரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தும் காட்டிட்டீங்க," என்றாள் அவள். "எவ்வளவு கவலையா இருந்தேன் தெரியுமா, உங்களால முடியுமோ முடியாதோன்னு."

தகவல் மூச்சை இழுத்தார். ரயில் நிலையத்தில் பேசாமல் விட்டது மொத்தமும் நெஞ்சுக்குள் திரண்டு மேலே வந்தது.

"இங்க பாரு! அந்த முன்னறை..."

தச்சுவேலைக்காரர் மனசு இளகியவர். அவருக்கே தாங்கவில்லை. "அம்மா எல்லாம் சொன்னாங்க சார். பேசாம நடுவுல எழுந்து தோத்திருக்கலாம் நீங்க. பாதி ரூமாவது கையில நின்னிருக்கும்ல?"

"உஷ், அண்ணே!" என்று அவள் உதட்டில் விரலை வைத்தாள். "இந்த வீட்டுல அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. சாரோட உத்தரவு."