பல்மாவின் மூக்கு

தூசி தட்டிக்கொண்டிருந்தபோது பல்மாவின் மூக்கு ஸினயீதாவின் கையோடு வந்துவிட்டது.

பல்மா, பெரெஸான்ஸ்க் மாகாணக் காவல்துறையின் பேர்போன மோப்ப நாய். செத்து அரை நூற்றாண்டு ஆகிறது. தலைமையகத்து அருங்காட்சியக அறையில், ஜார் காலத்துக் காவலரின் வாளுக்கும் ஸ்டாலின்கிராத் போருக்குப் போன காவலர்களின் புகைப்படத்துக்கும் நடுவே, பாடம் செய்யப்பட்டு ஒரு மேடைமேல் உட்கார்ந்திருந்தது. சிக்கலான வழக்கு வந்துவிட்டால், அதன் மூக்கைத் தடவிவிட்டுத்தான் எந்த அதிகாரியும் கிளம்புவார். காவல்துறையின் பெயரே மாறி, வாசல் பலகையில் சோவியத் காலத்து ‘மிலீத்சியா’ போய் ‘பொலீத்சியா’ வந்தபோதுகூட அந்த வழக்கம் போகவில்லை. அத்தனை பேர் தேய்த்தால் இரும்பே தேயும், இது வெறும் தோல்.

அன்று காவலர் தினம் வேறு. மாஸ்கோவிலிருந்து ஜெனரல் வந்துகொண்டிருந்தார். அவர் முகம் சுளித்தால் அறையைக் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கர்னல் முன்பே சொல்லி வைத்திருந்தார். அறையைப் பார்த்துக்கொள்ளும் காவலரான ஸினயீதாவுக்குக் குடும்பம் குட்டி என்று எதுவும் கிடையாது. இந்த அறைதான் அவளுக்கு எல்லாம். அதை இழந்தால் அவள் உடைந்துபோவாள்.

சிறையில் கைதிகள் ரொட்டியை மென்று சதுரங்கக் காய் செய்வார்கள். அப்படிச் செய்தவை அலமாரியிலேயே இருந்தன. கைதிக்கு வருவது காவலருக்கு வராதா? ஸினயீதா தன் மதியச் சாப்பாட்டுக் கறுப்பு ரொட்டியை மென்று, மூக்காகப் பிடித்து ஒட்டி, பூட்ஸ் பாலிஷ் போட்டாள். பழைய மூக்கைவிட லட்சணமாகவே இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஈரமாக மினுங்கட்டுமே என்று கொஞ்சம் பன்றிக்கொழுப்பையும் தடவினாள்.

அந்த நேரம் பார்த்து, நாய்ப்படைக்காரன் ரொமான் வரவேற்பு அணிவகுப்புக்காகக் கிழட்டு நாய் கிராஃபைக் கூட்டிக்கொண்டு வந்தான். கிராஃப் ஒருமுறை மோந்து பார்த்தது. அடுத்த நொடி மூக்கு போயிற்று, பின்னாலேயே பாதி முகமும் போயிற்று. தரையெல்லாம் வைக்கோல்.

“உன் நாய் என் நாயைத் தின்னுடுச்சுடா” என்றாள் ஸினயீதா.

“பாவம்க்கா, குளிப்பாட்டுற அவசரத்துல சோறு வைக்க மறந்துட்டேன்.”

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த பல்மாவைக் கோட்டு அலமாரிக்குள் திணித்துவிட்டு, ரொமான் கிராஃபை மேடைமேல் ஏற்றினான். அது உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவதுதான் கஷ்டம், பயப்படாதே என்று சமாதானமும் சொன்னான்.

ஜெனரலும் கர்னலும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கோட்டு நிறையப் பதக்கங்களோடு தெமீத் கார்பொவிச்சும் வந்தார். பல்மாவை வளர்த்து வேலை வாங்கியவர் அவர்தான். அவர் வருவதாக யாருமே சொல்லவில்லை. ஸினயீதா கோட்டு அலமாரியை மறைத்து நின்றுகொண்டாள்.

ஜெனரல் வழக்கப்படி குனிந்து மூக்கைத் தடவினார். ஈரமாக இருக்கிறதே என்றார். இவள் ஓயாமல் துடைத்துக்கொண்டே இருப்பவள் என்று கர்னல் சமாளித்தார்.

“கண்ணைப் பாருங்க, அப்படியே உயிரோட இருக்கு. மாஸ்கோவுலகூட இப்படி ஒண்ணு இல்ல. இந்த அறை மேல யாரும் கை வைக்கக் கூடாது” என்று ஜெனரல் உத்தரவு போட்டார். பிறகு எல்லாரும் வோட்காவும் சாலடும் காத்திருந்த கூடத்துக்குப் போனார்கள்.

தெமீத் கார்பொவிச் மட்டும் போகவில்லை. பக்கத்தில் போய்க் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். கிராஃபின் வால் பட்பட்டென்று மேடையில் அடித்தது.

அதற்குமேல் ஸினயீதாவால் தாங்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து காட்டி, ரொட்டி மூக்கிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். “உங்க பல்மாவை நான்தான் பாழாக்கிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க” என்றாள்.

கிழவர் வைக்கோல் மூட்டையைப் பார்த்தார். அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினார்.

“என் பல்மா என் தோட்டத்துல ஆப்பிள் மரத்தடியில தூங்குறா. அவளை அறுத்து வைக்கோல் அடைக்க விடுவேனா? வேட்டைக்காரன்கிட்ட ஒரு பாட்டில் குடுத்து ஓநாய்த்தோல் வாங்கித்தான் இவங்ககிட்ட தள்ளிவிட்டேன். அழாத மகளே, அந்த மேடையில ஒரு நாய் உட்கார்றதே இன்னிக்குத்தான் முதல் தடவை.”