ரெண்டு ரெண்டாக உட்கார்ந்த காலை

முதலாளி. கணக்குப்பிள்ளை. உப்பு வாரும் பெண்கள் நாலு பேர். மூட்டை தூக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். என் மச்சான் ஏழுமலை. நான். இத்தனை பேர் முன்னால்தான் என் மானம் போனது. சுனாமிக்கு அடுத்த வருஷம், மாசி மாதம், மரக்காணம் உப்பளத்தில்.

ஏழுமலை என் பெண்டாட்டியின் தம்பி. அடிதடியில் ஒருவன் மண்டையை உடைத்து, மூன்று வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். எங்கே கேட்டாலும் வேலை இல்லை. அவன் பெண்டாட்டி கூனிமேட்டில் தாய்வீட்டில் இருந்தாள். "வேலைன்னு ஒண்ணு கெடச்சா வர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் மூளையைக் கசக்கினேன். (இருந்தால்தானே கசக்க.) மூன்று வருஷம் குஜராத் உப்பளத்தில் இருந்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மச்சானிடம், "நீ வாயே தொறக்காத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

வேலை தொடங்கும் முன் முதலாளி வரப்பில் நின்று ஆள் எண்ணுவார். மச்சானுக்கு அன்றுதான் முதல் நாள். "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்ததுதான். ஏழுமலை சடாரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என் கையையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். ஜெயிலில் ஜோடி ஜோடியாக உட்காரவைத்துத்தான் எண்ணுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

"ஏம்பா, குஜராத்துல இப்டிதான் எண்ணுவாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"இல்லீங்க, ஜெயில்ல" என்றான் மச்சான்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருமா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் உப்புக் குவியலே சரிந்திருக்கும். எனக்கு எழுந்திருக்கவும் தோன்றவில்லை. அவன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு.

"மாமா இல்லீங்க, நான்தான்" என்றான் ஏழுமலை. "ஒருத்தன் மண்டைய ஒடச்சேன். மூணு வருஷம்."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். மூட்டைக்காரத் தம்பி பீடிக்கு நெருப்பு தேடிக்கொண்டிருந்தான்.

"பத்து வருஷமா எண்ணுறேன். ஒருத்தராவது நின்ன எடத்துல நிக்கிறீங்களா? இவன் ஒருத்தன்தான் அசையல. டேய், உப்பு வார்ற பலகைய எடு. மூணாவது பாத்திக்குப் போ." என்னிடம் திரும்பினார். "நீ ஏந்திரிப்பா. உன்ன எண்ணியாச்சு."

எழுந்தேன். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சேறு. அந்த வாரமே அவன் பெண்டாட்டி துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் பந்தி போட்டால், என் பெண்டாட்டி கரண்டியோடு வந்து நின்று, "குஜராத்துக்காரங்கல்லாம் ரெண்டு ரெண்டா உக்காருங்க" என்பாள். நான் பேசாமல் உட்காருவேன். மச்சான் எண்ணுவான். போன பொங்கலுக்கு, அவன் பெண்டாட்டியையும் சேர்த்து, பதினேழு.