பத்தாயிரம் மணி நேரக் கம்பி

சாப்பாட்டுப் பையை எங்கே மாட்டினோம் என்பது அவனுக்கு இருபது நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டுவதுதான் வழக்கம். சாயங்காலம் ஆராய்ச்சியைப் பார்வையிடக் குழு வருகிறதென்று நேற்று சுவருக்கு வர்ணம் பூசினார்கள். கொக்கியைக் கழற்றியவர்கள் திரும்ப வைக்கவில்லை. கொக்கியைத் தேடிப்போன கை, அது கிடைக்காமல், பக்கத்தில் வாகாக நீட்டிக்கொண்டிருந்த இன்னொன்றில் பையை மாட்டிவிட்டு வந்துவிட்டது. அந்த இன்னொன்று, சோதனைக்கூடத் தலைவியான மேடத்தின் இயந்திரத்து நெம்புகோல்.

வாசல்படியில் நின்றபடியே அவன் பையைப் பார்த்தான். பை சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் படியைத் தாண்டவே பயந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த இயந்திரத்துக்குள் ஒரு கம்பி இருக்கிறது. சுண்டுவிரல் கனம். எழுநூறு டிகிரி உலைக்குள் தொங்குகிறது. நெம்புகோலின் ஒரு முனையில் அடுக்கிய எடைக்கற்கள் அதை ராப்பகலாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சூட்டில் அந்தச் சுமையைத் தாங்கும் உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நீளும். எவ்வளவு நீள்கிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மின்நிலையக் குழாய்களுக்காக மேடம் உருக்கிய புதுக் கலவை அது. பதினாலு மாதமாகத் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு மணி மீட்டர். காலை ஒன்பதுக்கு அதில் 9,993. மாலை நாலு மணிக்குப் பத்தாயிரம். அந்த எண் புரளுவதைக் கண்ணால் பார்க்கத்தான் குழு வருகிறது.

அவன் பையில் ஒரு கிலோ இருக்கும். நெம்புகோல் கணக்கில் அது கம்பிக்குப் பத்துக் கிலோ.

சோதனைக்கூடத்தில் அவனைப் 'பதட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினோரு மாதம். இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு மேடம் கையெழுத்துப் போட வேண்டும். மேடமோ, அந்த அறையில் செருப்புச் சத்தம் கேட்டாலே விளக்கம் எழுதி வாங்குகிறவர். அவனுக்கு முன்னால் இருந்தவன் உலையின் கதவை அரை அங்குலம் திறந்து எட்டிப் பார்த்தான் என்பதற்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

பையை எடுத்துவிட்டு, கம்பி நீள்வதைக் காட்டும் டயலைப் பார்த்தான். முள் பன்னிரண்டு கோடு தள்ளி நின்றது. நேற்றுவரை ஒரு நாளைக்கு அரைக் கோடுதான்.

"பன்னிரண்டு கோடு. பெரிய விஷயமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

யோசித்தான். இருபது நிமிஷம் சுமை கூடிப்போயிருக்கிறது. அப்படியானால் இருபது நிமிஷம் சுமையைக் குறைத்தால் சரிக்குச் சரி. நீண்ட உலோகம் திரும்பச் சுருங்காது என்பது அவன் டிப்ளமோ முதல் வருஷத்திலேயே படித்த பாடம்தான். ஆனால் பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடுகிறது. மேல் எடைக்கல்லை மெதுவாகத் தூக்கினான். இருபது நிமிஷம் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். திரும்ப வைக்கப்போகும்போது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கல் நழுவி அடுக்கின்மேல் தடாலென்று விழுந்தது.

உலைக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். நெம்புகோல் தொப்பென்று சாய்ந்தது. மணி மீட்டர் நின்றது. உலை தானாக அணைந்தது.

கைப்பேசி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மனைவி.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன்ல?"

"ம்."

"ஏன் குரல் நடுங்குது?"

"எப்பவும் நடுங்குறதுதானே."

"எப்பவும் இவ்வளவு நடுங்காது. இன்னைக்கு மேடம் நல்ல மூட்ல இருப்பாங்க, நிரந்தரம் பத்தி ஞாபகப்படுத்துங்க. வீட்டு ஓனர்கிட்ட அடுத்த வருஷத்துக்கும் இங்கதான் இருப்போம்னு சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினாலு மாதம். பத்தாயிரத்துக்கு ஆறே முக்கால் மணி நேரம் பாக்கி. மேடத்திடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தான். மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது, மறுபடி உட்கார்ந்தான்.

அப்புறம் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு உலையைத் திறந்து, மின்விசிறியை அதன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தான். சூடு அடங்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. அறுந்த கம்பியின் இரண்டு துண்டும் கையில் வந்தன. மாற்றுக் கம்பிகள் மேடத்தின் அலமாரியில் இருந்தன, அலமாரிச் சாவி மேடத்தின் கைப்பையில் இருந்தது. துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடினான்.

லேத்காரர் ஏதோ வால்வைக் கடைந்துகொண்டிருந்தார்.

"இந்த அளவுக்கு ஒரு கம்பி வேணும். ரெண்டு முனையிலும் மரை. அவசரம்."

"என்ன உலோகம்?"

"எதுவா இருந்தாலும் சரி."

லேத்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உலோக ஆராய்ச்சிக்கூடத்துல வந்து எதுவா இருந்தாலும் சரிங்கறே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சாதா இரும்பில் கடைந்து கொடுத்தார். எழுநூறு டிகிரியில் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது, ஜவ்வு மாதிரி இழுபடும். ஆனால் உலையைப் பற்றவைக்காமல் விட்டால் தாங்கும். குழு உலைக்குள் கையை விட்டா பார்க்கப்போகிறது? புதுக் கம்பியை மாட்டினான். கற்களை ஒவ்வொன்றாக, மூச்சை அடக்கிக்கொண்டு, அடுக்கினான். டயலின் முகப்பைத் திருகி முள்ளைப் பழைய கோட்டுக்கே கொண்டுவந்தான். மீட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது.

எல்லாம் சரி, வெப்பம் காட்டும் பெட்டியில் மட்டும் நாற்பது டிகிரி என்று எழுதியிருந்தது.

பக்கத்து மேஜையில் அடுத்த சோதனைக்காக இன்னொரு உலை வெறுமனே எழுநூறில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வெப்ப உணரியின் ஒயரை உருவி இதன் பெட்டியில் செருகினான், இதன் உணரியை அதன் பெட்டியில் செருகினான். இங்கே எழுநூறு வந்துவிட்டது. அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நிம்மதியில் பையைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டான்.

மூன்றாவது வாய்க்குக் கருகல் வாடை அடித்தது. தான் நாற்பது டிகிரியில் குளிர்ந்து கிடப்பதாக அந்தப் பக்கத்து உலைக்கு நினைப்பு. பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது. மூடி இடுக்கில் சிவப்புத் தெரிந்தது. இங்கே பெட்டியில் 860. பாய்ந்துபோய் அதை அணைத்தான். எண் இறங்கியது. எழுநூறுக்கு வந்ததும் சுவிட்சைப் போட்டான், ஏறியது. அணைத்தான், இறங்கியது. அந்த எண்ணை எழுநூறில் நிறுத்த ஒரே வழி, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பதுதான் என்று புரிந்தது.

நின்றான். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. முதுகில் வேர்வை ஓடியது. கால் மரத்துப்போனது.

தரை துடைக்கும் அக்கா வாளியோடு உள்ளே வந்தாள். இந்தக் கட்டடத்தில் எல்லோரைவிடவும் பழைய ஆள் அவள்தான்.

"கொஞ்சம் நகருங்க தம்பி, துடைக்கணும்."

"நகர முடியாது அக்கா."

"ஷாக் அடிக்குதா?"

"இல்ல. ஆராய்ச்சி."

அவள் அவன் காலைச் சுற்றி வட்டமாகத் துடைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குக் குழு வந்தது. மூன்று பெரியவர்கள், முன்னால் மேடம். அவர்கள் மீட்டரைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் அவனுக்கு அந்த எண் கண்ணில் பட்டது. 9,998. கம்பி மாற்றிய இரண்டு மணி நேரம் மீட்டர் நின்றிருந்ததே, அதை அவன் மறந்தே போயிருந்தான்.

"நாலு மணிக்குப் பத்தாயிரம்னு சொன்னீங்க?" என்றார் குழுவில் மூத்தவர்.

மேடம் மீட்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. இதோ வருகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த மீட்டர் கொஞ்சம் மெதுவா ஓடும்" என்றார் மேடம்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"அப்படியா. சரி, உலையைத் திறந்து கம்பியைக் காட்டுங்களேன். இவ்வளவு தூரம் வந்துட்டோம்."

சுவிட்சில் இருந்த கை தானாக ஆடியது, பெட்டியில் எழுநூறு எழுநூற்றுப் பத்தானது. மேடம் ஓர் எட்டு வைத்து உலைக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"திறக்கக் கூடாது."

"ஒரு நிமிஷம்தான்."

"ஒரு நொடி திறந்தாலும் இத்தனை மாச உழைப்பு வீண். அடுத்த அறையில டீ வச்சிருக்கு. அறிக்கையில எல்லா எண்ணும் இருக்கு. வாங்க."

மேடத்தின் குரல்கூட நடுங்கியது போலிருந்தது அவனுக்கு. அவர்களைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே போனார்.

மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காப்பாற்றிவிட்டார். ஒரு சாதாரண டெக்னீஷியனுக்காகப் பெரிய மனிதர்கள் முன்னால் பொய் சொல்லியிருக்கிறார். இந்த அம்மாவையா இத்தனை நாளாக ராட்சசி என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இனிமேல் மறைத்தால் அது பாவம். குழு கார் ஏறியதும் சுவிட்சை அணைத்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனான்.

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அந்தக் கம்பி..."

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "அந்தக் கம்பியைப் பத்தி வேற யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இல்ல மேடம். ஆனா நான் உங்ககிட்ட உண்மையை..."

"வேண்டாம். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இதோட விட்டுடுவோம்." இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். "உங்க நிரந்தர உத்தரவு. வீட்டுக்குப் போங்க."

நடைவழிக்கு வந்ததும் அவனால் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன ஆச்சு தம்பி?"

பை மாட்டியதிலிருந்து உத்தரவு வாங்கியதுவரை ஒன்று விடாமல் கொட்டினான். சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து நீட்டினான். "அவங்களோட பதினாலு மாச உழைப்பு அக்கா. இந்தக் கையால அறுத்துட்டேன். இருந்தும் மன்னிச்சுட்டாங்க. தெய்வம் அக்கா அவங்க."

அக்கா துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மேடத்தின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"அசல் கம்பி நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே மேடம் கையால அறுந்துபோச்சு தம்பி, இது அன்னைக்கு அவங்க யாருக்கும் தெரியாம மாட்டி வச்சது."