டாக்டர் குமரகுருவின் நவீன ஓவியம்

“இவரு உங்ககிட்ட பல்லு பிடுங்கின ஆளா டாக்டர்?” என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடியே எழுந்து போய்விட்டார் ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த நோயாளி. காலையிலிருந்து இதே கதைதான்.

தென்காசியில் பல் மருத்துவமனை நடத்தும் குமரகுருவுக்கு எரிச்சலாக வந்தது. நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு அழகாக இருக்கட்டும் என்று, குற்றாலத்து ஓவியர் ஷாரோனிடம் போனில் சொல்லி வரவழைத்த படம். முந்தின நாள்தான் பார்சலில் வந்து சேர்ந்தது. கரிக்கோட்டு ஓவியம். நீளமான பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். முகத்துக்கு நாலே கோடு. ஒரு கை மட்டும் வெறும் காற்றை அணைத்தபடி வளைந்திருந்தது.

ஜனங்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்று குமரகுருவே விளக்கத்தில் இறங்கினார்.

“அந்த வெற்றிடந்தான் இதுல டெக்னிக். வரையாம விட்டே தனிமையைக் காட்டியிருக்காங்க. கையைப் பாருங்க, எதையோ இழந்துட்டுத் தேடுது.”

“எதை, பல்லையா?” என்றார் சிகிச்சைக்கு வந்திருந்த செண்பகவல்லி. பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டினார்.

இருட்டில் இருப்பதால்தான் பயமாக இருக்கிறது என்று படத்துக்கு மேலே விளக்குப் போட்டார். வெளிச்சம் விழுந்ததும் அந்த நாலு கோட்டில் துக்கம் இன்னும் கூடிப்போனது. வேறு வழியில்லாமல் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

சிறிது நேரத்தில் உதவியாளர் உமாராணி உள்ளே வந்தாள்.

“டாக்டர், மூலைல ஒரு அம்மா உட்காந்திருக்காங்க. பேரு கேட்டா பதில் இல்ல. முகத்தைக் காட்டவும் மாட்டேங்காங்க.”

“வாய் வீங்கியிருக்கும். உள்ள அனுப்பு.”

“கூப்பிட்டேன். படத்தை மறுபடி நேரா மாட்டுங்கன்னு கையைக் காட்டுதாங்க.”

குமரகுரு வந்து பார்த்தபோது மூலை நாற்காலி காலியாக இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள், உள்ளே வர ஒருவரும் தயாரில்லை. நாற்காலியில் கரித்தூள் படிந்திருந்தது.

“துடைக்கிறதே இல்லையா நீ?”

“காலைல துடைச்சேன் டாக்டர்.”

அவர் படத்தை நேராக மாட்டிவிட்டு ஷாரோனுக்குப் போன் போட்டார். மத்தியானமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“குறையா நினைக்காதீங்கம்மா. அந்த வெற்றிடம் பிரமாதம். ஆனா சோகம் கொஞ்சம் கூடிப்போச்சு.”

ஷாரோன் படத்தின் அருகில் போய், வளைந்த கைக்குள் இருந்த வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நான் வெற்றிடமே விடலையே டாக்டர். பக்கத்துல அவரு சம்சாரத்தையும்லா வரைஞ்சிருந்தேன்.”