இரத்தினம்மாவின் பெட்டி வண்டில் மீது ஒரு முறைப்பாடு

ஆரையம்பதி,
2009 புரட்டாதி 14.

களுவாஞ்சிக்குடியில் வெல்டிங் பட்டறை நடத்தும் அன்பு மச்சான் நல்லரத்தினத்துக்கு,

உமது அக்காவின் புருஷன் யோகராசா எழுதிக்கொள்வது. நீரும் வீட்டாரும் பட்டறையும் சுகமென நம்புகிறேன். கந்தசுவாமியார் கிருபையால் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் வீட்டில்தான். அதுவும் நீர் செய்து கொடுத்த அந்தப் பெட்டி வண்டிலால் வந்தது.

முப்பத்தொரு வருடம் மட்டக்களப்பு – கல்முனை வழியில் இ.போ.ச. பஸ் ஓட்டியவன் நான். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. சுனாமிக் கடல் வந்த அன்று எனது மொரிஸ் மைனர் கார் கொட்டிலிலிருந்து மிதந்து போய்ப் பக்கத்து வளவு வேலியில் குப்புறக் கிடந்ததும், ஐந்து மாதம் மண் கழுவி அதை ஓட வைத்ததும் உமக்குத் தெரியும். பிறகு சண்டை, பெற்றோலும் இல்லை, பாதையும் இல்லை. இப்போது எல்லாம் முடிந்து, இனியாவது உமது அக்கா இரத்தினம்மாவை முன் சீட்டில் இருத்தி உமது வீட்டுக்கு வருவோம் என்று நினைத்திருக்க, ஆனி மாதம் ஒரு காலை கார் ஸ்டார்ட் வரவில்லை. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் முகைதீன்பாவா மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் எஞ்சினைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, "கொழும்பால ஒரு சாமான் வரணும் அண்ணன், இன்ஷா அல்லாஹ் வந்திரும்" என்றார். சொன்னது எனக்கு, பார்த்தது இரத்தினம்மாவை. சாமான் இன்றுவரை வரவில்லை. அதே கிழமைதான் உமது அக்கா உம்மிடம் போய், சைக்கிளுக்குப் பின்னால் கொழுவுகிற இரண்டு சில்லுப் பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

அன்றிலிருந்து வீட்டில் அசைகிற பொருள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். வயல் வட்டையால் வந்த நெல் மில்லுக்குப் போவது அதில், கேஸ் சிலிண்டர் வருவது அதில், தேங்காய், கோயிலுக்கு வாழைக்குலை, கால் உடைந்த கதிரை, ஒருநாள் உயிரோடு ஓர் ஆடு. "கார் இருக்கக்க என்னத்துக்கு இந்தக் கோலம்?" என்று கேட்டால், "சைக்கிள் பெற்றோல் குடிக்காது, காலுக்கும் நல்லம்" என்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று தன் காலைப் பற்றி யோசிக்கிறவளை நான் எப்படி நம்புவது?

சந்தேகம் வந்தால் கண் நன்றாகத் திறந்துவிடும் மச்சான். வாசற்படியின் ஓரங்களுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தாள். கேட்டால் வடிவுக்காம். பேப்பரை நான் தொடுமுன் தானே எடுத்து உரத்து வாசிக்கிறாள். எதையோ விட்டுவிட்டு வாசிக்கிறாள் என்று நினைக்கிறேன். மீனுக்கு முள் எடுத்துத் தருகிறாள். முப்பத்தைந்து வருடம் எடுக்காத முள்! இப்படித் திடீரென்று அன்பு காட்டினால் பின்னால் ஒரு குற்றம் இருக்கத்தானே வேண்டும்?

போன கிழமை கேற்றடியில் நின்று பார்க்கிறேன், வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு தடித்த ஆள் வண்டிலுக்குள் சாய்ந்திருக்க, உமது அக்கா வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டு வாறாள். "ஆரடா நீ? இறங்கு!" என்று கத்தினேன். ஆள் அசையவில்லை.

"இஞ்சேருங்க, அது மா மூட்டை. மேல இருக்கிறது பூசணிக்காய்."

கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். பூசணிக்காய்தான். ஆனால் வழியில் ஆளை இறக்கிவிட்டுப் பூசணிக்காயை ஏற்றியிருக்கலாம் அல்லவா?

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, அவள் வண்டிலை நீலப் படங்கால் மூடிக்கொண்டு புறப்பட, நான் எனது பழைய சைக்கிளில் பின்னால் போனேன். நீலப் படங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காத்தான்குடியில் ஒரு கடை வாசலில் அது நின்றது. பாய்ந்து போய்ப் படங்கைப் பிடித்து இழுத்தேன். உள்ளே முழுவதும் ஐஸ் போட்ட மீன். "என்ன அண்ணன், வெல கேட்டுட்டு இழுக்கப்படாதா?" என்றார் மீன் வியாபாரி. எந்த இடத்தில் வண்டில் மாறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெட்கத்தில் திரும்பி வேகமாக மிதித்தேன். வழியில் ஆமியின் சென்றிப் பொயின்ற். ஆமிக்காரன் கையை நீட்டினானாம், நான் காணவில்லை. விசில் கேட்டது. யாரோ சேட்டைக்கு அடிக்கிறான் என்று இன்னும் மிதித்தேன். அடுத்தது துவக்கு லோட் பண்ணுகிற சத்தம். சண்டை முடிந்தாலும் அந்தச் சத்தத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்களின் கால் தானாக நிற்கும். நின்றேன்.

"கை தூக்கு! இங்க பார்!"

பார்த்தேன். பச்சையாக ஒரு மரம் தெரிந்தது. மரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். "அங்க இல்ல! இங்க!" என்று குரல் வேறு பக்கத்தால் வந்தது. அது இன்னும் கிட்ட வந்தது. எந்தப் பக்கம் திரும்பினால் சுடமாட்டான் என்று தெரியவில்லை.

அப்போதுதான் விடாமல் மணி அடித்துக்கொண்டு உமது அக்கா வந்தாள். வண்டிலோடு எங்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து மறித்துவிட்டு, றோட்டே கேட்கக் கத்தினாள்: "சேர், சுடாதீங்க சேர்! அவருக்குக் கண் தெரியாது!"

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனைப் பற்றி, நான் ஓட்டிய அதே றோட்டில்.

ஆமிக்காரன் துவக்கைப் பதித்தான். என் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி, "எத்தனை?" என்றான். "மூன்று" என்றேன். நீட்டியது ஐந்தாம். அவன் என் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்து மெதுவாகக் கொண்டுபோய் வண்டிலுக்குள் இருத்தினான். ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், மறுபக்கம் நான்.

கொஞ்சத் தூரம் மிதித்தபின், திரும்பாமலே சொன்னாள்: "வைகாசிக் கடைசில கல்லடிப் பாலத்தடியில ஒரு பொம்புள கைப்புள்ளயோட குறுக்க வந்தாள். நான் கத்தினதாலதான் நீங்க பிறேக் போட்டீங்க. அவள நீங்க காணவே இல்ல. என்னத்துக்குக் கத்தினாயெண்டு எனக்குத்தான் ஏசினீங்க. அதுக்குப் பிறகுதான் முகைதீன்பாவாவக் கொண்டு எஞ்சின்ல ஒரு மூடியக் கழட்டுவிச்சன். ஒரு ட்ரைவருக்கிட்ட எப்பிடிச் சொல்றது, கண் போயிட்டெண்டு?"

"எங்க அந்த மூடி?"

"அரிசி வாளிக்குள்ள."

அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். நினைவில்கூட அவள் வரவில்லை. குழி வந்தபோதெல்லாம் "பிடிச்சுக்கங்க" என்று மட்டும் இரத்தினம்மா சொன்னாள்.

ஆகவே நீரும் உமது அக்காவும் முகைதீன்பாவாவும் கூடிச் செய்த சதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இக்கடிதம் கண்டவுடன் வந்து உமது பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகவும். மூடியைத் திருப்பித் தரும்படி அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லவும். எனக்கு இருப்பது வாவிப் பக்கத்துப் பனிப்புகாரால் வந்த சின்ன மங்கல், அவ்வளவுதான்.

உமது மனைவி மக்களுக்கு எனது ஆசி. வெல்டிங் செய்யும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளும். கண் விளையாட்டுச் சாமான் அல்ல.

இப்படிக்கு,
பொ. யோகராசா
(இளைப்பாறிய சாரதி)

பி.கு.: தபாலில் போடமுன் இதை இரத்தினம்மாவிடம் கொடுத்தேன். வரிக்கு மேல் வரி ஏறியிருக்கிறதாம்; மூன்றாம் பக்கத்தில் பாதி மேசைச் சீலையில் இருக்கிறதாம். ஆகவே நான் சொல்லச் சொல்ல அவளே முழுவதையும் திருப்பி எழுதியிருக்கிறாள். நீர் வாசிப்பது அவள் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கண் காட்டப் பெயர் பதிந்திருக்கிறோம். பஸ்ஸில் போகலாம் என்றாள். வேறொருவன் ஓட்டுகிற பஸ்ஸில் நான் ஏறமாட்டேன், வண்டிலிலேயே போவோம் என்றேன். பெட்டியைக் கழற்ற வர வேண்டாம். முதுகு சாய ஒரு பலகையும் பிடிக்க ஒரு கம்பியும் வைத்துத் தந்தால் போதும். நான் ஏசியதில் ஒரு சொல்லும் விடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். நம்புவதா என்று தெரியவில்லை. இப்போது அவளைப் பற்றி ஒரு வரி சொன்னேன். அதை மட்டும் எழுதமாட்டாளாம்.