தோட்டத்தில் ஓர் ஆபத்துக்கால ஒத்திகை

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம், வீடு நலம். தோட்டத்தைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தேவலையா?

கீழ்வீட்டில் குடியிருப்பவர்களை உனக்குத் தெரியும். அவர் பஸ் டிரைவர், அந்தம்மா நர்ஸ். அவர்கள் வீட்டுக் குட்டி போன மாதம் நடக்க ஆரம்பித்தாள். நடந்தது நேரே தோட்டத்துக்கு. அந்தம்மா வந்து, "சார், அரளி விஷம். தண்ணித் தொட்டியும் மூடியில்லாம கிடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லேன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டி "தாத்தா" என்று கத்தாவிட்டால் எனக்குக் காலைக் காப்பி இறங்காது அக்கா. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் குழாய் சொட்டுகிற சத்தமும்தான் மிச்சம்.

ஆனால் நான் யார்? முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி! அரளியை வேரோடு பிடுங்கினேன் (நீ நட்டதுதான், திட்டாதே), தொட்டிக்குப் பலகை அடித்தேன், அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம், விதிப்படி நடைபாதைக்கு மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டேன், குட்டி அதில் உட்கார்ந்து எழுந்து அவர்களுடைய புதுச் சோபாவில் போய் உட்கார்ந்தாள். சரி, எச்சரிக்கைப் பலகை வைப்போம் என்று வைத்தால், குனிந்து படித்த டிரைவரின் சட்டை அதன் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. ஞாயிறு மதியம் ஒத்திகைக்காக மூன்று விசில் ஊதினேன். மனுஷன் டூட்டி முடிந்து தூங்குகிறார் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பதறியடித்து ஓடி வந்தவர், நான் மூட மறந்த அரளிக் குழியில் காலை விட்டார். "நீங்கல்லாம் படிச்சவங்கதானே சார்?" என்று குழிக்குள்ளிருந்தே கேட்டார். நான் பழக்க தோஷத்தில் விபத்துப் பதிவேட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் "நடந்தவரின் கவனக்குறைவு" என்று எழுதினேன். அதை அவரும் எட்டிப் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இன்று அவர்கள் வாசலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து அவர்களிடம் பேசு. உன் பேச்சுக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாமல் தவிக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: வராதே. அந்தம்மா இப்போதுதான் வந்து போனார். பெட்டிகளில் இருந்தது பழைய துணியாம். "தோட்டத்துல இப்ப மிச்சமிருக்கற ஆபத்து நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். தோட்டத்துக் கதவுச் சாவி இனி அவர்களிடம். நான் உள்ளே கால் வைக்கக் கூடாது. வைக்கவில்லையென்றால் அவர்கள் போகமாட்டார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது கம்பி வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். குட்டி வேலிக்குள்ளிருந்து கையை நீட்டி ஒரு மண்ணாங்கட்டியை என் வாயருகே கொண்டுவந்து, "ஆ காட்டு" என்கிறாள். காட்டினேன், அக்கா.